மருமகள் விட்ட வெற்றிடங்கள்

"வணக்கம். தங்கள் குளம்புகளைச் சீவும் நாள் நெருங்கிவிட்டது. வரும்போது சேணத்தைக் கழற்றிவிட்டு வரவும்."

பல் சுத்தம் செய்துகொள்வதற்காகப் பெயர் பதிந்திருந்த ஒரு தலைமையாசிரியைக்கு அவருடைய பல் மருத்துவமனையிலிருந்து இந்தக் குறுஞ்செய்தி போயிருந்தது. அம்மையார் நகைச்சுவை உணர்வுள்ளவர். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, முன்னங்கால்களா பின்னங்கால்களா என்று மட்டும் கேட்டாராம். மருத்துவருக்கு அந்த உணர்வு சற்றுக் குறைவு. அவர் அனார்குல் அக்காவை அழைத்துவிட்டார்.

கிர்கிஸ்தானின் தலைநகரான பிஷ்கெக்கில், பழைய தையல் ஆலை ஒன்றின் மேல்மாடியில் இயங்கிய அந்தச் சிறிய மென்பொருள் நிறுவனம் அனார்குல் அக்காவினுடையது. ஐம்பதைக் கடந்தவர். இளமையில் மாகாண ஓட்டப் பந்தயங்களில் ஓடியவர் என்பதை எந்தப் பேச்சிலும் எப்படியாவது நுழைத்துவிடுவார். அவருடைய இன்றைய உடல்வாகைப் பார்த்தவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவைப்பார்கள். அன்று அவர் கைப்பேசியைப் பிடித்தபடி மேசைகளுக்கு நடுவே வந்து நின்று, செய்தியை உரக்கப் படித்தார்.

"யார் வேலை இது?"

ஜிபார் கையைத் தூக்கினாள். "நான்தான்க்கா. உலான் அண்ணன் குதிரைக்காரங்களுக்கு எழுதினதைக் காப்பி பண்ணித் திருத்தினேன். எல்லாத்தையும் மாத்திட்டேன்னுதான் நெனச்சேன்."

"குளம்பைத் தவிர."

"சேணத்தையும் தவிர," என்றான் எதிர் மேசையிலிருந்த உலான், சிரிப்பை அடக்க முடியாமல்.

"நீ பேசாதே உலான். போன மாசம் அந்தக் குதிரைப் பண்ணைக்காரருக்குக் குட்டி பிறந்தப்போ என்ன மெசேஜ் போச்சு? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

உலான் தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தான்: "'உங்கள் பண்டம் அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. சூடு ஆறுவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளவும். இப்படிக்கு, உங்கள் அன்பு ரொட்டிக்கடை.'"

மேல்மாடி முழுவதும் அதிர்ந்து சிரித்தது. அனார்குல் அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். பிறகு, துடைத்த கையோடு சிரிப்பையும் நிறுத்திவிட்டார்.

அவர்களுடைய மென்பொருளின் பெயர் 'கொரோ'. வாடிக்கையாளர்களையும் சரக்கையும் நாள் நேரத்தையும் கவனித்துக்கொள்ளும் அடிப்படைப் பகுதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதன்மேல், ரொட்டிக்கடைக்கு ஒன்று, குதிரைப் பண்ணைக்கு ஒன்று, பல் மருத்துவருக்கு ஒன்று என்று அந்தந்தத் தொழிலுக்கான நீட்சியை எழுதிப் பொருத்த வேண்டும். புதிய நீட்சி எழுதுகிறவர் கடைசியாக எழுதப்பட்டதை அப்படியே நகலெடுத்துத் திருத்துவது அங்கே வழக்கமாகியிருந்தது. திருத்தி முடித்துவிட்டோம் என்று நினைக்கிற இடத்துக்கு அப்பாலும் எப்போதும் ஒரு வரி மிச்சமிருந்தது. அந்த ஒரு வரிதான் குட்டியைச் சுடச்சுட அடுப்பிலிருந்து இறக்கியது. தலைமையாசிரியைக்கு லாடம் கட்டப் பார்த்தது.

"அடுத்து தேனீ வளக்கிறவங்க சங்கம் வருது. அதுக்குப் பின்னாடி ஒரு கூட்டமே வரிசையில நிக்குது," என்றார் அனார்குல் அக்கா. "இனிமே காப்பி கிடையாது. எல்லாத்துக்கும் பொதுவா ஒரு வழியைத் தேர்ந்தெடுங்க. ஜிபார், உன் பொறுப்பு. அந்த வழியில தேனீக்காரங்களோடது சுத்தமா வெளிய வரணும். வர்ற வரைக்கும் லீவு போட்டுட்டு ஒருத்தரும் மலைக்குப் போறதில்லை."

சிரித்துக்கொண்டிருந்த ஜிபார் மேசைமேலிருந்த நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மலையில் இருந்தாக வேண்டும். சோன் கோல் ஏரிக்கரை மேய்ச்சல் நிலத்தில் மாமனார் குடும்பத்தின் கூடாரம் இருந்தது. கணவன் அஸ்கத்தும், ஒரு வயது நிரம்பப் போகும் மகள் நூராயும் அங்கேதான் இருந்தார்கள். முதலடி வைக்கும் குழந்தையின் கால்களில் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றைக் கட்டி, ஓட்டப் பந்தயத்தில் முந்தி வருகிறவர் கையால் அதை அறுக்கும் விழாவுக்கு நாள் குறித்து, அக்கம்பக்கத்துக் கூடாரங்களுக்கெல்லாம் சொல்லியனுப்பியாகிவிட்டது. மகள் பிறந்த நாளிலிருந்து ஜிபார் எதிர்பார்த்திருந்தது அந்த ஒரு காலையைத்தான்.

அன்று மாலை அஸ்கத் அழைத்தான். கூடாரத்தருகே தொலைபேசி எடுக்காது. குன்றின்மேல் ஏறித்தான் பேச வேண்டும். மூச்சிரைத்தது அவனுக்கு.

"உன் மக கூடாரக் கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா ஜிபார். கையை மட்டும் விட்டான்னா நடந்துருவா."

"ஐயோ, விடாதீங்க! நான் வர்ற வரைக்கும் நடக்க விடாதீங்க!"

"அதை அவகிட்ட சொல்லு. எங்க பேச்சை எங்க கேக்குறா? அத்தாதான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காரு. காலையிலேர்ந்து குதிரை மேல தன் முன்னாடியே உக்கார வச்சுக்கிட்டுச் சுத்துறாரு. சாப்பிடறதுகூட அங்கதான். கால் தரையில பட்டாத்தானே நடப்பா?"

ஜிபாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மாமாவுக்கு இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"அதான் சொல்றேன். உன் மக நடக்கிறதுக்குள்ள அத்தா நடக்க முடியாமப் போயிருவாரு. சீக்கிரம் வா."

உலானிடம் ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கேள்விப் பொறி என்று பெயரிட்டிருந்தான். புதிய வாடிக்கையாளரைப் பற்றிப் பொறி கேள்வி கேட்கும். விடைகளைக் கொண்டு நீட்சியைத் தானே எழுதிவிடும். எழுதியவனின் கூர்மை அதன் ஒவ்வொரு கிளையிலும் மின்னியது. இரண்டு நாள்களில் அதை ஓடவைத்தும் விட்டான். அனார்குல் அக்காவே நாற்காலியை இழுத்துப்போட்டு, தேனீச் சங்கத்தை மனத்தில் வைத்து விடை சொல்லத் தொடங்கினார்.

உங்கள் சரக்கு உயிருள்ளதா என்று பொறி கேட்டது. ஆம் என்றார். குட்டி போடுமா, முட்டையிடுமா? முட்டையிடும் என்றார். முட்டைகளைத் தனித்தனியாக விற்கிறீர்களா, தட்டோடு விற்கிறீர்களா? அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னும் எவ்வளவு கேக்கும் இது?"

"சொல்ல முடியாதுக்கா. நீங்க சொல்ற பதிலைப் பொறுத்து," என்றான் உலான் பெருமையோடு.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கலை உலான்."

"முழுசா முடிச்சுப் பாருங்கக்கா, அருமையா வரும்."

"முழுசா முடிக்கிறதுக்குள்ள தேனீ எல்லாம் செத்துப் போயிரும்."

உலானின் முகம் சுருங்கியதைக் கண்ட ஜிபார், பொறி மோசமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்ல முடியவில்லை. எல்லாத் தொழில்களையும் முன்கூட்டியே அறிந்துவிட முயலும் ஒன்று, அறியாத முதல் தொழிலிலேயே தட்டுத்தடுமாறி நிற்கும் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அதற்குப் பதிலாக எதை வைப்பது? முன்பு எழுதிய நீட்சிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ரொட்டியின் மாவு குதிரைமேலும், குதிரையின் முடி பல்மேலும் ஒட்டியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் நண்பகலில் அஸ்கத் மீண்டும் குன்றேறினான். மகள் குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு தூங்கவும் கற்றுக்கொண்டாள் என்று சொன்னவன், போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னான்.

"பெரியப்பா உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரு. அவரோட தயிர்க்கட்டிக் கடையில உன் புரோகிராம் நல்லா ஓடுதாம்."

"எந்தப் புரோகிராம்?"

"நீ அத்தாவோட குமிஸ் வியாபாரத்துக்கு எழுதினியே, அதான். அவருக்கும் அதையே போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேர வேலை."

"நீங்களா?" ஜிபார் எழுந்தே நின்றுவிட்டாள். அஸ்கத் கால்நடை மருத்துவன்; கைப்பேசியில் அலாரம் வைக்கவே அவளைத்தான் கேட்பான். "உங்களுக்குப் புரோகிராம் கோடு எழுதத் தெரியாதே!"

"கோடை யார் தொட்டா? நீ வாயைத் திறந்து சொல்ல மாட்டேன்னு விட்டு வச்சிருந்த இடம்லாம் அந்த முதல் பக்கத்துல இருக்கில்ல? அங்க பெரியப்பாவோட வார்த்தைங்களைப் போட்டேன். எங்கயும் குமிஸ் வாடையே இல்லைன்னாரு."

ஜிபார் நன்றிகூடச் சொல்லாமல் தொடர்பைத் துண்டித்துவிட்டு, பழைய கோப்புகளைத் தேடத் தொடங்கினாள்.

அவள் நகரத்துப் பெண். மாமனாரின் பெயரையும், அவருடைய அண்ணன்மார் பெயர்களையும் மருமகள் நாவால் உச்சரிக்கக் கூடாது என்ற வழக்கத்தைத் திருமணத்துக்கு முன்பு வேடிக்கையாகத்தான் எண்ணியிருந்தாள். ஆனால் அந்த வீட்டில் கால் வைத்த முதல் நாள், புதுப் பெண்ணின் குளிர்ந்த கைகளைக் கண்ட மாமனார், பெரியவர்கள் வரிசையிலிருந்து எழுந்துவந்து தம் கையாலேயே அவளுக்குத் தேநீர் ஊற்றினார். அன்றிலிருந்து அந்தப் பெயரை அவள் ஒருபோதும் சொன்னதில்லை. யாரும் வற்புறுத்தவில்லை, பிரியத்தினால் வாய் தானாகவே பழகிக்கொண்டது, பிறகு விரலும் பழகிக்கொண்டது. குதிரைப் பாலைப் புளிக்கவைத்துச் செய்யும் குமிஸ் பானத்தை அவர் விற்றுவந்தார்; அந்த வியாபாரத்துக்கு நீட்சி எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. கடையின் பெயரே அவர் பெயர். அண்ணன்மாரின் பெயர்களிலோ குதிரையும் பாலும் சுனையும் கலந்திருந்தன. ஆகவே அந்தச் சொற்களும் கூடாது. வேறு வழியில்லாமல், பெயர் வரவேண்டிய இடத்திலும் சரக்கு வரவேண்டிய இடத்திலும் வெற்றிடக் குறிகளை விட்டுக்கொண்டே எழுதினாள். வெற்றிடங்கள் அனைத்தையும் திரட்டி முதல் பக்கத்தில் வைத்தாள். அதை நிரப்புவதற்காக அஸ்கத் ஒரு மாலை அலுவலகத்துக்கு வந்துபோனான். உலான் அப்போது விழுந்து விழுந்து சிரித்தான். சல்லடைக் கோடு என்று பெயர் வைத்தான். நகலெடுக்கத் தகுதியற்றது என்று எல்லோரும் அதை ஒதுக்கிவைத்தார்கள். யாரும் நகலெடுக்காததாலேயே அதன் அருமை எவருக்கும் தெரியாமல் போயிற்று.

"உலான் அண்ணே, இங்க வாங்க. உங்க சல்லடையைப் பாருங்க."

அவன் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான்.

"இதை வச்சு என்ன பண்ணப் போறே?"

"இதுதான் டெம்ப்ளேட். புதுசா யார் வந்தாலும் இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். ஆள் பேரு, சரக்கு பேரு, என்ன மெசேஜ் போகணும், எல்லாம் முதல் பக்கத்துல. உள்ள ஒரு தொழிலோட வார்த்தைகூட இருக்கக் கூடாது."

"அப்போ எல்லா வாடிக்கையாளரும் ஒரே மாதிரி ஆயிருவாங்களே. தேன்கூட்டுக்கு ராணித் தேனீயோட வயசு வேணும். குதிரைக்கு வம்சாவளி வேணும். அதெல்லாம் எங்க வைப்பே?"

நியாயமான கேள்வி. ஜிபார் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"கடைசியில ஒரு காலி அறை விடுவோம். தனக்குன்னு இருக்கிறதை அவங்கவங்க அங்க எழுதிக்கட்டும். டெம்ப்ளேட் அதுக்குள்ள எட்டிப் பாக்காது. அதுவும் டெம்ப்ளேட்டைத் தொடாது. எல்லாருக்கும் பொதுவா இருக்கிறது மட்டும்தான் நம்ம பொறுப்பு. மத்ததைத் தெரியும்னு நெனைக்கிறதாலதான் முட்டையைத் தட்டோட விக்கிறோம்."

குத்து உலானுக்குப் பட்டது. ஆனாலும் வலிக்கவில்லை என்பது அவன் உதட்டோரத்தில் தெரிந்தது. நாற்காலியை அவள் மேசைக்கு இழுத்துப் போட்டான்.

"ஒண்ணு இடிக்குது. முதல் பக்கத்துல ஏதாவது ஒண்ணை நிரப்பாம விட்டுட்டா?"

"வெறுமையாப் போகும்."

"வெறுமையாப் போறது ரொட்டி வெந்ததை விட மோசம். 'அன்புள்ள காலி அவர்களே'ன்னு எவனுக்காவது போய் நிக்கும். கூடாது. ஒரு இடம் நிரம்பலைன்னாலும் இது ஓடவே கூடாது. எந்த இடம்னு பேர் சொல்லிக் கத்தணும். என் கேள்விப் பொறியை வெட்டி அதுக்கு மட்டும் வச்சுக்கறேன். நிரம்பாத இடத்தை மட்டும் கேக்கும்."

"மாமியார் மாதிரி."

"உன் மாமியார் நல்லவங்கன்னு கேள்விப்பட்டேனே."

"நல்லவங்கதான். உப்பு இல்லைன்னா மட்டும் கேப்பாங்க."

இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினார்கள். எதைச் சேர்ப்பது என்று ஆண்டுக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு, எதையெல்லாம் விடலாம் என்று தேடுவது விளையாட்டைப் போலிருந்தது. ஒரு வரியை நீக்கிவிட்டு ஓடவிடுவார்கள். ஓடினால் அடுத்ததை நீக்குவார்கள். மேசையின்மேல் யாரோ வைத்துப்போன பூர்சோக் பணியாரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. நிரலும் அதே கதியில் இளைத்தது.

வெள்ளிக்கிழமை அனார்குல் அக்கா வந்து நின்றார்.

"நீங்க ரெண்டு பேரும் பண்ணிக் காட்டினா நான் நம்ப மாட்டேன். நகருங்க. நானே பண்றேன்."

அவர் கோடு எழுதியது கணினிகள் அலமாரி அளவில் இருந்த காலத்தில். உட்கார்ந்து, இரண்டு விரல்களால் முதல் பக்கத்தை நிரப்பினார். சங்கத்தின் பெயர், கூடு, தேன், எடுக்கும் நாள். ஓடவிட்டார். திரை சிவந்தது. 'செய்தியின் முடிவில் யார் கையெழுத்து?' என்று கேட்டு நின்றுவிட்டது.

ஜிபார் திரையை எட்டிப் பார்த்தாள். மலைப்பாதை முழுவதும் அந்தச் சிவப்பு அடைத்து நின்றது போலிருந்தது.

"ஓ, அதை விட்டுட்டேனா?" அக்கா தட்டினார். மறுபடி ஓடவிட்டார். இம்முறை அவருடைய கைப்பேசியே அதிர்ந்தது. உரக்கப் படித்தார்: "'வணக்கம். உங்கள் பங்குத் தேன் வடித்தாயிற்று. பாத்திரத்தோடு வரவும். இப்படிக்கு, தேனீ வளர்ப்போர் சங்கம்.'" இன்னொரு முறை, தமக்குள்ளேயே, ஒவ்வொரு சொல்லாகச் சோதித்தார். "அடுப்பு இல்லை. குளம்பு இல்லை. சேணம் இல்லை." நிமிர்ந்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா," என்றாள் ஜிபார். "ராணியோட வயசை உலான் அண்ணன் அந்தக் காலி அறையில நேத்தே எழுதிட்டாரு."

"அக்கா," உலான் கையை நீட்டினான். "புதுசா ஒண்ணை முதல்ல பாத்திருக்கீங்க. வெறுங்கையோட பாத்துட்டுப் போலாமா? மருமகளைப் பாத்தாலும் குழந்தையைப் பாத்தாலும் கொடுக்கிறீங்கள்ல?"

புதிதாக ஒன்றை முதன்முதலில் பார்ப்பவர் பரிசு தருவது அங்கே வழக்கம்; அது மறுக்கக் கூடிய கோரிக்கையல்ல. அனார்குல் அக்கா கைப்பையைத் துழாவி, தம் ஜீப்பின் சாவியை எடுத்து ஜிபாரின் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"வண்டி உனக்கு. ஆனா என் வண்டி என்னை விட்டுட்டு எங்கயும் போனதில்லை. நானும் வர்றேன்."

"நானும்," என்றான் உலான்.

சனிக்கிழமை சாயங்கால வெயிலில் ஏரி தெரிந்தபோது, புல்வெளியின் நடுவே ஒரு குதிரையும், அதன்மேல் ஒரு பெரிய தொப்பியும், தொப்பிக்குக் கீழே ஒரு சின்னத் தொப்பியும் தெரிந்தன. வண்டி நிற்கும் முன்பே ஜிபார் குதித்து ஓடினாள். மாமனார் பேத்தியைக் குனிந்து அவள் கைகளில் இறக்கினார். பிறகு தாம் இறங்குவதற்கு அஸ்கத்தின் தோளைத் தேடினார்.

"கால் தரையில படலை மருமகளே," என்றார், இடுப்பைப் பிடித்தபடி. "சத்தியமா படலை. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்."

இரவுச் சாப்பாட்டுக்கு முன் தேநீர் வந்தது. உலான் கிண்ணத்தைக் கீழே வைத்து, சபையில் பேசுகிறவனைப் போல் முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"ஐயா, இனிமே நாங்க செய்யற ஒவ்வொண்ணும் உங்க குமிஸ் வியாபாரத்துக்கு எழுதினதுலேர்ந்துதான் பிறக்கும். அதனால அந்த டெம்ப்ளேட்டுக்கு உங்க பேரையே வச்சுட்டோம். நேத்தே பதிவு பண்ணியாச்சு." சொல்லிவிட்டு, அந்தப் பெயரை வாய் நிறைய, இரண்டு முறை உச்சரித்தான்.

பெரியவரின் முகம் முழுநிலவானது. ஜிபாரின் முகம்தான் வெளுத்தது.

"அண்ணே! நான் ஆபீஸ்ல அதை எப்படிக் கூப்பிடறது?"

"அது உன் கஷ்டம். ஆயுசுக்கும் சல்லடைன்னு கூப்பிட்டுக்கோ."

கூடாரம் சிரிப்பில் குலுங்கியது. அனார்குல் அக்கா சிரிப்பினூடே, "பெயரைச் சொல்லும்மான்னு நீங்களே அனுமதி கொடுத்துருங்களேன்," என்று பெரியவரிடம் கேட்டுப் பார்த்தார். அவர் தாடியைத் தடவினார்.

"கொடுக்க மாட்டேன். அவ சொல்லாம விட்டதாலதானே இவ்வளவும் வந்திருக்கு? இன்னும் என்னென்ன வருமோ, சொல்லாமலே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, நூராயின் கணுக்கால்களில் கறுப்பு வெள்ளைக் கயிறு கட்டப்பட்டது. சுற்றுக் கூடாரங்களிலிருந்து வந்தவர்கள் தொலைவில் வரிசையாக நின்றார்கள். உலான் நகரத்துச் செருப்போடு ஓடி, பாதி வழியில் செருப்பொன்றைப் பறிகொடுத்து, ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தாண்டி, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, எவரும் எதிர்பாராத வேகத்தில் ஓர் உருவம் பாய்ந்து வந்தது. மாகாணப் பந்தயங்களைப் பற்றி அனார்குல் அக்கா சொன்னதெல்லாம் உண்மைதான் போலும்.

"இப்பவாவது நம்புறீங்களாடா?" என்று மூச்சுவாங்கக் கேட்டுக்கொண்டே அவர் மண்டியிட்டு, கத்தியை வாங்கி, ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தார். மலைக்குப் போகக் கூடாது என்றவரின் கையே அதைச் செய்தது.

எதிரே ஜிபார் மண்டியிட்டு இரு கைகளையும் நீட்டினாள். "வாடி என் கண்ணு, வா."

நூராய் எழுந்து நின்றாள். தாயைப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி, ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த தாத்தாவின் குதிரையைப் பார்த்தாள். வாரம் முழுவதும் உலகம் அவளுக்கு அந்த உயரத்திலிருந்துதான் தெரிந்திருந்தது. சின்னக் கால் குதிரையின் பக்கம் திரும்பிற்று. யாரோ சிரித்தார்கள். ஜிபாரின் நீட்டிய கைகள் காற்றில் அப்படியே நின்றன.

மாமனார் குதிரையிடம் போனார். கடிவாளத்தைப் பிடித்து, குதிரையை மெல்ல நடத்திக்கொண்டு வந்து, மருமகளின் முதுகுக்கு நேர் பின்னே நிறுத்தினார்.

நூராய் குதிரையை நோக்கித் தன் முதலடியை வைத்தாள். இரண்டாவதையும் வைத்தாள். அதற்கப்புறம் கால்கள் தாமே ஓட்டமாக மாறிவிட்டன. வழியில் அவள் அம்மா இருந்தாள்.